சால்மோனெல்லோசிஸ்: ரிப்போர்ட்டில் உள்ள பெயரைப் பிரித்துப் படிப்பது முதல் குணமாகும் வரை

சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்குதான் சால்மோனெல்லோசிஸ். வீட்டில் இதை ‘ஃபுட் பாய்சன்’ என்பார்கள். மருத்துவர் சீட்டில் ‘அக்யூட் கேஸ்ட்ரோஎன்டெரைட்டிஸ்’ என்று எழுதுவார். மூன்று நாள் கழித்து வரும் லேப் ரிப்போர்ட்டில் ‘சால்மோனெல்லா’ என்று இருக்கும். அந்தச் சொல்லை இணையத்தில் தேடினால் டைஃபாய்டு பற்றிய பக்கங்கள் வந்து நிற்கும். இந்தப் பெயர்களுக்கு நடுவே தடுமாறித்தான் பலர் தேவையில்லாத மாத்திரையை விழுங்குகிறார்கள், கொடுக்க வேண்டிய தண்ணீரைக் கொடுக்கத் தவறுகிறார்கள்.

படிகளின் வரிசை முக்கியம். கிருமியின் பெயர் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். உடலிலிருந்து வெளியேறும் தண்ணீர் அதுவரை காத்திருக்காது. அதனால் பெயர் பற்றிய விளக்கம் 5ஆம் படியில்தான் வருகிறது. இப்போது வீட்டில் யாருக்கும் நோய் இல்லை, ரிப்போர்ட் மட்டும் புரிந்தால் போதும் என்பவர்கள் நேரே அங்கே போகலாம்.

1. முதலில் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், 1 லிட்டர் அளவுக் கோடு உள்ள பாத்திரம் அல்லது பாட்டில், தெர்மோமீட்டர், ஒரு நோட்டு, பேனா. நோயாளி குழந்தை என்றால் அதன் எடையும் தெரிந்திருக்க வேண்டும். கொடுக்க வேண்டிய நீரின் அளவு எடையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

நோட்டு எதற்கு என்று தோன்றும். பேதி எத்தனை முறை, கடைசியாகச் சிறுநீர் போன நேரம், காய்ச்சல் எவ்வளவு, என்ன மாத்திரை எப்போது கொடுத்தது: இந்த நான்கையும் நேரத்தோடு எழுதி வைத்தால் மருத்துவரிடம் ‘நிறைய தடவை போச்சு’ என்று சொல்லத் தேவையிருக்காது. ‘காலை 6 முதல் மதியம் 2 வரை 9 முறை, சிறுநீர் காலை 7க்குப் பிறகு இல்லை’ என்ற ஒரு வரியே அவர் முடிவெடுக்கப் போதும்.

2. அபாய அறிகுறி உண்டா என்று பார்ப்பது

மற்ற எதையும் தொடங்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மலத்தில் ரத்தம். 38.9 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல். குடிப்பது எதுவும் வயிற்றில் தங்காத அளவுக்கு வாந்தி. மூன்று நாளுக்கு மேல் குறையாத பேதி. எழுந்து நின்றால் தலைசுற்றல், வறண்ட வாய், சிறுநீர் மிகக் குறைவாகவோ கரும் மஞ்சளாகவோ போவது. குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம்.

கைக்குழந்தைக்கு அளவுகோல் வேறு. கண்கள் உள்வாங்கியிருப்பது, அழும்போது கண்ணீர் வராதது, உச்சிக்குழி பள்ளமாகத் தெரிவது, ஆறு மணி நேரமாக டயப்பர் நனையாதது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வயிற்றின் பக்கவாட்டில் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி விடுங்கள். சட்டென்று சமநிலைக்கு வந்தால் நல்லது. மடிப்பாக நின்று, இரண்டு நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாக அடங்கினால் நீரிழப்பு கடுமையாகிவிட்டது என்று பொருள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பேதியோடு காய்ச்சலும் இருந்தால் வேறெதற்கும் காத்திருக்க வேண்டாம்.

அறிகுறி லேசாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டியவர்கள் உண்டு: முதியவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய மருந்திலோ இருப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், அரிவாள் அணு ரத்தசோகை உள்ளவர்கள். இவர்களிடம் கிருமி குடலைத் தாண்டி ரத்தத்தில் நுழையும் வாய்ப்பு அதிகம்.

3. நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பது

எந்தக் கிருமி என்று தெரியாவிட்டாலும் இந்தப் படி மாறாது. சால்மோனெல்லா சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடலிலும் சுவருக்குள் புகுந்து அழற்சியை உண்டாக்குகிறது. அதனால் நீரும் சோடியமும் குடலுக்குள் கசிந்து வெளியே போகின்றன. ஆனால் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கும் குடல் செல்களின் வழி பேதியின்போதும் பெரும்பாலும் வேலை செய்கிறது. அந்த இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் கூடவே போகும். ஓ.ஆர்.எஸ். மொத்தமும் இந்த ஒரு வழியை நம்பித்தான் இருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 1 லிட்டர் நீருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கூட்டினால் 20.5 கிராம். எனவே 20 கிராமைத் தாண்டிய பொட்டலம் பெரும்பாலும் 1 லிட்டருக்கானது, 4 கிராமை ஒட்டிய சின்னப் பொட்டலம் 200 மி.லி.க்கானது. பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்குவதுதான் புதியவர்கள் செய்யும் மிக ஆபத்தான தவறு. அப்போது உப்பின் அடர்த்தி பல மடங்காகும். சிறு குழந்தைக்கு ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகலாம். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் பிரித்துப் போடுவதும் கூடாது, தூளுக்குள் உப்பும் சர்க்கரையும் சமமாகப் பரவியிருக்கும் என்று சொல்ல முடியாது.

பொட்டலம் கிடைக்காத நேரத்தில் கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். இதில் பொட்டாசியம் இல்லை. பொட்டலம் வாங்கி வரும் வரைக்கான ஏற்பாடு மட்டுமே. கலக்கியதை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும்.

ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மி.லி., அதற்கு மேல் வேண்டிய அளவு. நீரிழப்பு ஏற்கெனவே தெரிகிறது, ஆனால் குழந்தை விழிப்பாக இருந்து குடிக்கிறது என்றால் மருத்துவ மேற்பார்வையில் 4 மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மி.லி. கொடுப்பார்கள். 10 கிலோ குழந்தைக்கு அது 750 மி.லி.

குடித்ததும் வாந்தி எடுத்தால் ‘எதுவும் தங்கவில்லை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் மீண்டும் தொடங்குங்கள். மெதுவாகக் கொடுத்தால் பெரும்பகுதி உள்ளே தங்கிவிடும். குளிர்பானமும் பாக்கெட் பழச்சாறும் இதற்கு மாற்றாகாது. அவற்றிலுள்ள மிகுதியான சர்க்கரை குடலுக்குள் மேலும் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும்.

தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பெரியவர்களும் பசித்தால் சாப்பிடலாம், பட்டினி போடுவதால் குடல் சீக்கிரம் ஆறாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாள் வரை தருவது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை: 6 மாதத்துக்குக் கீழே நாளுக்கு 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி. பேதி நின்றதும் இதை நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. குடல் சுவர் தேறுவதற்காகத் தரப்படுவதால் நாள் கணக்கை முடிக்க வேண்டும்.

4. எந்தச் சாப்பாடு என்று பின்னோக்கி எண்ணுவது

கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழி போடுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். சால்மோனெல்லாவில் அது பெரும்பாலும் தவறாகவே முடியும். கிருமி வயிற்றுக்குள் போய், இரைப்பை அமிலத்தில் தப்பி, குடல் சுவரில் புகுந்து, பெருகி, அழற்சி தொடங்க நேரம் வேண்டும். பொதுவாக 6 மணி முதல் 72 மணி நேரம். பலருக்கு 12 முதல் 36 மணிக்குள். சிலருக்கு 6 நாள் வரைகூடத் தள்ளிப்போகும்.

செவ்வாய் இரவு 9 மணிக்குக் காய்ச்சலும் பேதியும் தொடங்கின என்று வையுங்கள். 6 மணி நேரம் பின்னே போனால் செவ்வாய் மதியம் 3 மணி, 72 மணி நேரம் போனால் சனி இரவு 9 மணி. ஆகவே செவ்வாய் இரவு 8 மணிக்குச் சாப்பிட்டதைச் சந்தேகிக்க வழியில்லை. திங்கள் காலை 9 முதல் செவ்வாய் காலை 9 வரை சாப்பிட்டதைத்தான் முதலில் எழுத வேண்டும், பிறகு ஞாயிறு, சனி என்று பின்னே போக வேண்டும்.

இந்த எண்ணிக்கை வேறு கிருமிகளைப் பிரித்துப் பார்க்கவும் உதவும். சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியே பிரதானமாக வந்தால் ஸ்டெஃபிலோகாக்கஸ் அல்லது பேசில்லஸ் சீரியஸ் உணவிலேயே உண்டாக்கி வைத்த நச்சைச் சந்தேகிப்பார்கள். காய்ச்சலே இல்லாமல் 6 முதல் 24 மணிக்குள் வயிற்று முறுக்கலும் பேதியும் என்றால் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ். இரண்டு முதல் ஐந்து நாள் கழித்து வந்தால் கேம்பிலோபேக்டர் பட்டியலில் சேரும். மூன்று நான்கு நாள் கழித்து, காய்ச்சல் அதிகமில்லாமல் ரத்தப் பேதி வந்தால் ஷிகா நச்சு உண்டாக்கும் ஈ. கோலையை நினைக்க வேண்டும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். நோரோவைரஸும் 12 முதல் 48 மணிக்குள் வரும், அதில் வாந்திதான் முன்னிற்கும். நேரத்தை வைத்துச் சந்தேகிக்கலாமே தவிர உறுதி சொல்ல முடியாது. உறுதி லேபில்தான்.

‘சாப்பாடு நல்லாத்தானே இருந்தது, கெட்ட வாடையே இல்லையே’ என்பதும் அடிக்கடி காதில் விழும் வாதம். சால்மோனெல்லா உணவின் வாசனையையோ சுவையையோ நிறத்தையோ மாற்றுவதில்லை.

ஒரே உணவைச் சாப்பிட்ட பலருக்கு நோய் வந்திருந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள். மூடி, ‘சாப்பிடக் கூடாது’ என்று எழுதி, ஃபிரிட்ஜில் தனியாக வைத்து, சுகாதாரத் துறைக்குத் தெரிவியுங்கள். மூலத்தைக் கண்டுபிடிக்க அந்த ஒரு கிண்ணமே போதுமானதாக இருக்கலாம்.

5. பெயரைப் பிரித்துப் படிப்பது

முதலில் கிருமியையும் நோயையும் பிரியுங்கள். ‘-எல்லா’ என்று முடியும் சால்மோனெல்லா கிருமி. ‘-ஓசிஸ்’ என்று முடியும் சால்மோனெல்லோசிஸ் அதனால் வரும் நோய். ஷிகெல்லா, ஷிகெல்லோசிஸ் என்பதும் இதே போலத்தான். சால்மன் மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. டேனியல் எல்மர் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயர் அது.

அடுத்தது இடத்தைக் குறிக்கும் பெயர். ‘கேஸ்ட்ரோ’ என்றால் இரைப்பை, ‘என்டெரோ’ என்றால் குடல், ‘-ஐட்டிஸ்’ என்றால் அழற்சி. கேஸ்ட்ரோஎன்டெரைட்டிஸ் என்பது இரைப்பையும் குடலும் அழற்சி கண்டிருக்கின்றன என்று மட்டும் சொல்கிறது. யார் செய்தது என்று சொல்லவில்லை. வைரஸாலும் வரும், பாக்டீரியாவாலும் வரும். முதல் நாள் சீட்டில் இந்தப் பெயர் இருந்து, மூன்றாம் நாள் ‘சால்மோனெல்லா என்டெரைட்டிஸ்’ என்று மாறினால் நோய் மாறிவிட்டதாக எண்ண வேண்டாம். அதே நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

‘ஃபுட் பாய்சன்’ என்ற பேச்சுவழக்குச் சொல் இரண்டு வேறு நிகழ்வுகளை ஒன்றாக்கிவிடுகிறது. உணவில் ஏற்கெனவே இருக்கும் நச்சைச் சாப்பிட்டு வருவது ஒன்று. உயிருள்ள கிருமியைச் சாப்பிட்டு, அது உள்ளே பெருகி வருவது மற்றொன்று. சால்மோனெல்லோசிஸ் இரண்டாவது வகை. காய்ச்சல் வருவதும், நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இதனால்தான்.

இனி ரிப்போர்ட்டில் வரும் நீளமான வரி. முழுமையாக எழுதினால் இப்படி இருக்கும்:

சால்மோனெல்லா என்டெரிக்கா, துணையினம் என்டெரிக்கா, சீரோவகை டைஃபிமூரியம்.

இடமிருந்து வலமாகப் படியுங்கள். ‘சால்மோனெல்லா’ பேரினம். அதில் என்டெரிக்கா, போங்கோரி என்று இரண்டே சிற்றினங்கள். என்டெரிக்காவுக்குள் ஆறு துணையினங்கள், மனிதருக்கு வரும் நோயில் மிகப் பெரும்பாலானவை ‘என்டெரிக்கா’ என்றே பெயர் கொண்ட துணையினத்திலிருந்து வருகின்றன. கடைசியில் இருப்பது சீரோவகை. ஆன்டிஜென் என்பது நம் எதிர்ப்புச் சக்தி அடையாளம் காணும் பொருள். கிருமியின் மேலுறையில் உள்ள ‘ஓ’ ஆன்டிஜென், அதன் நீந்தும் இழைகளில் உள்ள ‘எச்’ ஆன்டிஜென் ஆகிய இரண்டையும் வைத்து இதுவரை 2,500க்கும் மேற்பட்ட சீரோவகைகளைப் பிரித்திருக்கிறார்கள். இவ்வளவு நீளத்தை யாரும் தினமும் எழுத மாட்டார்கள். ‘சால்மோனெல்லா டைஃபிமூரியம்’ என்று முதலையும் கடைசியையும் மட்டும் ஒட்டி எழுதுவது வழக்கம். அதனால் படிப்பவர் டைஃபிமூரியத்தைத் தனிச் சிற்றினம் என்று நினைத்துவிடுகிறார்.

நியூபோர்ட், ஹைடெல்பெர்க், டப்ளின் என்று ஊர்ப் பெயராகவும் சீரோவகை வரும். அந்த ஊரிலிருந்து தொற்று வந்ததாக அர்த்தமில்லை.

இப்போது நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். சீரோவகைகளில் டைஃபியும், பாராடைஃபி ஏ, பி, சி ஆகியவையும் தனிக் கூட்டம். அவை தருவது என்டெரிக் ஃபீவர், அதாவது டைஃபாய்டும் பாராடைஃபாய்டும். அது ரத்தத்தில் பரவி, நாளுக்கு நாள் ஏறும் காய்ச்சலாக வாரக்கணக்கில் நீடிக்கும் நோய். ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும். மற்ற ஏறக்குறைய எல்லா சீரோவகைகளும் ‘டைஃபாய்டு அல்லாத சால்மோனெல்லா’. இந்த வழிகாட்டி பேசுவது இவற்றைத்தான். குடலோடு நின்று, நான்கு முதல் ஏழு நாளில் பெரும்பாலோருக்குத் தானாகவே அடங்கும்.

டைஃபி, டைஃபிமூரியம் என்ற இரண்டும் காதுக்கு ஒன்று போலவே ஒலிக்கின்றன. டைஃபிமூரியம் எலிகளுக்கு டைஃபாய்டு போன்ற நோயைத் தருவதால் வந்த பெயர், மனிதருக்கு அது தருவது வயிற்றுப்போக்கு. ‘டைஃபாய்டு வந்துவிட்டது’ என்று வீடே கலங்குவதும், வாரக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்வதும் பல சமயம் இந்த ஒலிக் குழப்பத்தில் தொடங்குகின்றன. ‘என்டெரிக் ஃபீவர்’, ‘என்டெரைட்டிஸ்’ என்ற ஜோடியும் இதே வேலையைச் செய்யும். சந்தேகம் வந்தால் டிஸ்சார்ஜ் சீட்டில் நோய்க் குறியீட்டைப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்தாம் பதிப்பு வகைப்பாட்டில் டைஃபாய்டும் பாராடைஃபாய்டும் ஏ01. மற்ற சால்மோனெல்லா தொற்றுகள் ஏ02. அதற்குள் ஏ02.0 குடல் அழற்சி, ஏ02.1 ரத்தத்தில் பரவியது, ஏ02.2 எலும்பு, மூட்டு போன்ற ஓரிடத்தில் தங்கியது. ஏ02.0 என்பதற்கும் ஏ02.1 என்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. ஒற்றைப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த எண்ணைக் கவனித்துப் படியுங்கள்.

6. மலச் சோதனைக்குக் கொடுப்பது

லேசான பேதிக்கெல்லாம் சோதனை தேவையில்லை. காய்ச்சல், மலத்தில் ரத்தம் அல்லது சளி, கடுமையான வயிற்று முறுக்கல், 2ஆம் படியில் சொன்ன எளிதில் பாதிக்கப்படுவோர், ஒரே நேரத்தில் பலருக்கு நோய் ஆகிய நிலைகளில் மருத்துவர் கல்ச்சர், அதாவது மலத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, கேட்பார்.

ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் மாதிரி எடுக்க வேண்டும். ஒரு மாத்திரை போட்டுவிட்டுக் கொடுத்தாலும் கிருமி வளராமல் போகலாம். மாத்திரை போட்டிருந்தால் அதை லேபில் சொல்லிவிடுங்கள்.

லேப் தரும் டப்பாவில், சிறுநீரோ கழிப்பறைத் தண்ணீரோ கலக்காமல், சளியும் ரத்தமும் உள்ள பகுதியைச் சேர்த்து எடுங்கள். அங்கேதான் கிருமி மிகுதி. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். முடியாது என்றால் கேரி-பிளேர் என்ற கடத்து ஊடகம் உள்ள குழாயை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். நேரம் கடந்தால் மாதிரியின் அமிலத்தன்மை மாறி, வேண்டிய கிருமி செத்து, மற்றவை மேலோங்கிவிடும்.

லேபில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் தாமதம் எரிச்சலூட்டாது. மாதிரியை எக்ஸ்.எல்.டி. போன்ற ஊடகத் தட்டில் தடவி 35 முதல் 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு முழுக்க வைப்பார்கள். சால்மோனெல்லா இருந்தால் சிவந்த தட்டில் நடுவில் கறுத்த சிறு புள்ளிகளாகக் காலனிகள் தெரியும். கிருமி உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஊடகத்தின் இரும்போடு சேர்ந்து அந்தக் கறுப்பைத் தருகிறது. அப்படித் தெரிவதெல்லாம் சால்மோனெல்லா ஆகாது. எனவே ஒரு காலனியைத் தனியே எடுத்து மறுநாள் ரசாயனச் சோதனையும் சீரம் சோதனையும் செய்வார்கள், எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் மருந்துணர்வுச் சோதனைக்கு இன்னொரு நாள். ஆக மொத்தம் இரண்டு முதல் நான்கு நாள்.

பி.சி.ஆர். சோதனை சில மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் அது கண்டுபிடிக்கும், எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லாது. அதில் சால்மோனெல்லா வந்தால் கல்ச்சரும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

வைடால் சோதனை இந்த நோய்க்கு உதவாது. அது டைஃபாய்டுக்காக ரத்தத்தில் ஆன்டிபாடி தேடும் பழைய முறை; டைஃபாய்டுக்கே முழுதாக நம்ப முடியாதது. சால்மோனெல்லா என்டெரைட்டிடிஸும் (இது ஒரு சீரோவகையின் பெயர், குடல் அழற்சியைக் குறிக்கும் ‘என்டெரைட்டிஸ்’ அல்ல) டைஃபியும் சில ‘ஓ’ ஆன்டிஜென்களைப் பகிர்ந்துகொள்வதால் சாதாரண சால்மோனெல்லா வயிற்றுப்போக்கிலும் வைடால் எண் ஏறிக் காட்டலாம்.

7. ரிப்போர்ட்டைப் படிப்பது

‘சால்மோனெல்லா, ஷிகெல்லா வளரவில்லை’ என்றால் அந்த மாதிரியில் கிடைக்கவில்லை என்று பொருள். தாமதமாகக் கொண்டுபோனது, முன்பே மருந்து சாப்பிட்டது ஆகியவற்றாலும் இப்படி வரும்.

‘ஈ. கோலை வளர்ந்தது’ என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். எல்லோர் குடலிலும் ஈ. கோலை உண்டு. நோய் தரும் வகைகளைக் கண்டுபிடிக்கத் தனிச் சோதனை வேண்டும்.

‘சால்மோனெல்லா குரூப் பி’, ‘குரூப் டி’ என்று மட்டும் எழுதி நிறுத்தும் லேபுகள் உண்டு. இது பாதிப் பதில். குரூப் என்பது ‘ஓ’ ஆன்டிஜெனை மட்டும் வைத்துப் பிரித்தது. குரூப் டியில் சாதாரண என்டெரைட்டிடிஸும் இருக்கிறது, டைஃபியும் இருக்கிறது. குரூப் பியில் டைஃபிமூரியத்தோடு பாராடைஃபி பியும் சேர்கிறது. ‘டைஃபியா, இல்லையா என்று பிரித்துச் சொல்ல முடியுமா?’ என்று லேபில் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான் இரண்டு நோய்க்கும் ஒரே சிகிச்சை நடந்துவிடுகிறது.

மருந்துப் பட்டியலில் எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் எதிர்த்து நிற்கும், ஐ இடைப்பட்டது. ஜென்டாமைசின், அமிகாசின் போன்றவற்றுக்கும் முதல், இரண்டாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களுக்கும் தட்டில் எஸ் என்று வந்தாலும் சால்மோனெல்லாவுக்கு அவை உடலில் பலன் தருவதில்லை. பட்டியலைப் பார்த்து நீங்களே கடையில் மருந்து வாங்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

8. ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று முடிவு செய்வது

ஆரோக்கியமானவருக்கு லேசான, மிதமான நோய் என்றால் வேண்டாம். பேதி நிற்கும் நாளை அது கணிசமாக முன்னே கொண்டுவருவதில்லை. குடலின் நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிடுவதால் சால்மோனெல்லா மலத்தில் வெளியேறும் காலம் நீளக்கூடும். இதைச் சொன்னால் நம்ப மறுப்பவர்கள் பலர். ‘பாக்டீரியா என்று ரிப்போர்ட்டில் வந்த பிறகுமா’ என்பார்கள். ஆம், வந்த பிறகும்தான்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், ரத்தநாளத்தில் கொழுப்புப் படிந்த நோயோ செயற்கை வால்வோ மூட்டோ உள்ளவர்கள், கடும் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் தருவார். வழக்கமாகத் தேர்வாவன அசித்ரோமைசின், செஃப்ட்ரையாக்சோன், சிப்ரோஃப்ளாக்சசின். எதை, எத்தனை நாள் என்பது மருந்துணர்வு ரிப்போர்ட்டையும் நோயாளியின் நிலையையும் பொறுத்தது.

பேதியை உடனே நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை குழந்தைகளுக்குக் கூடாது. ரத்தப் பேதியோ கடும் காய்ச்சலோ இருந்தால் பெரியவர்களுக்கும் கூடாது. குடலின் அசைவை நிறுத்தினால் கிருமியும் உள்ளேயே தங்கும்.

அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தினமும் சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரைப்பை அமிலம்தான் இந்தக் கிருமிக்கு முதல் தடை. அது குறைந்திருந்தால் குறைவான எண்ணிக்கையிலேயே நோய் வரும்.

9. வீட்டில் மற்றவர்களுக்குப் பரவாமல் தடுப்பது

நோயாளி சமைக்கவோ பரிமாறவோ கூடாது. பேதி நின்று குறைந்தது 48 மணி நேரம் ஆகட்டும். கழிப்பறைக்குப் போன பின்பும், டயப்பர் மாற்றிய பின்பும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவ வேண்டும். கை அழுக்காக இருக்கும்போது சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

கழிப்பறை இருக்கை, ஃப்ளஷ் பொத்தான், கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு இவற்றை முதலில் சோப்பு நீரால் துடைத்துவிட்டுப் பிறகு ப்ளீச் கரைசலால் துடையுங்கள். 5 விழுக்காடு ப்ளீச் 20 மி.லி.யோடு தண்ணீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்கினால் 0.1 விழுக்காடு குளோரின் கிடைக்கும். அழுக்கின் மேல் நேரடியாக ப்ளீச் ஊற்றினால் குளோரின் அந்த அழுக்கிலேயே செலவாகிக் கிருமிக்கு மிஞ்சாது. அமிலமோ அமோனியாவோ உள்ள கழிப்பறைத் திரவத்தோடு ப்ளீச்சைக் கலந்தால் நச்சு வாயு வரும்.

ஆமை, பல்லி வகை, கோழிக்குஞ்சு வளர்க்கும் வீடுகளில் அவற்றைத் தொட்ட கையையும் யோசியுங்கள். பார்க்க நலமாக இருக்கும் பிராணிகளும் இந்தக் கிருமியைச் சுமக்கும்.

10. சமையலறையில் எங்கே தவறியது என்று தேடுவது

வெப்பம், நேரம், கலப்பு: தவறு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும்.

வெப்பத்தை நிறத்தால் அளக்க முடியாது. கோழி இறைச்சியின் தடித்த பகுதியின் நடுவில், எலும்பைத் தொடாமல் தெர்மோமீட்டரைச் செருகினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். கொத்திய ஆட்டு, மாட்டு இறைச்சிக்கும் முட்டை சேர்ந்த உணவுக்கும் 71. முட்டையின் கருவும் வெள்ளையும் கெட்டியாக வேண்டும். ஓடு சுத்தமாக இருந்தாலும் உள்ளே கிருமி இருக்கலாம், ஏனென்றால் என்டெரைட்டிடிஸ் கோழியின் சினைப்பையிலும் முட்டைக்குழாயிலும் இருந்தே முட்டைக்குள் புகக்கூடியது. ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகாது, உறங்கும். மைக்ரோவேவ் ஓரிடத்தைக் கொதிக்கவிட்டு இன்னோர் இடத்தைக் குளிராக விட்டுவிடும். நடுவில் ஒருமுறை கிளறி, சற்று நேரம் மூடிவைத்த பிறகு அளந்து பாருங்கள்.

நேரத்துக்கு ஒரு கணக்கு. உகந்த சூட்டில் சால்மோனெல்லா சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்தில் 8 மடங்கு, நான்கு மணி நேரத்தில் 4,096 மடங்கு. சமைத்ததை 5 முதல் 60 டிகிரிக்கு நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது, அறை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். பெரிய பாத்திரத்தோடு அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரம் ஆகும். ஆழம் குறைந்த தட்டுகளில் 5 செ.மீ. உயரத்துக்குள் பரப்பி வையுங்கள்.

கலப்பில் அதிகம் தவறுவது பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவுவது. கிருமி கழுவுவதால் போவதில்லை. தெறிக்கும் நுண்துளிகள் தொட்டியைச் சுற்றியுள்ள தட்டு, காய்கறி, துணி வரை போகின்றன. இறைச்சி நறுக்கிய பலகையில் பச்சையாகச் சாப்பிடும் காயை நறுக்குவது அடுத்தது. சமைக்காத மாவு, பால் பவுடர், மசாலாத் தூள் போன்ற உலர்ந்த பொருள்களிலும் சால்மோனெல்லா மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பச்சை மாவைச் சுவை பார்ப்பவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

11. குணமான பின் கவனிக்க வேண்டியவை

பேதி நின்றாலும் கிருமி மலத்தில் பல வாரம் வெளியேறிக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கு ஐந்து வாரம் வரை என்பது சகஜம், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இன்னும் நீளும். கை கழுவும் ஒழுங்கை அதுவரை தளர்த்தாதீர்கள். உணவுத் தொழிலிலோ குழந்தைகள் காப்பகத்திலோ மருத்துவமனையிலோ வேலை செய்பவர் திரும்பும் முன் அங்குள்ள சுகாதார விதியைக் கேட்க வேண்டும். சில இடங்களில் மலச் சோதனை கேட்பார்கள். மற்றவர்களுக்கு ‘கிருமி போய்விட்டதா’ என்று மறுபடி சோதிப்பதில் பயனில்லை, மீண்டும் பாசிட்டிவ் வந்து தேவையில்லாத மருந்துக்குத்தான் வழி திறக்கும்.

மலம் பழைய நிலைக்குத் திரும்பச் சிலருக்குச் சில மாதம்கூட ஆகும். அதில் காய்ச்சலோ ரத்தமோ எடைக் குறைவோ இல்லையென்றால் பொறுத்திருக்கலாம். காய்ச்சல் ஒருமுறை விட்டுவிட்டு மீண்டும் வந்தால், முதுகிலோ எலும்பிலோ ஓரிடத்தில் விடாத வலி தொடங்கினால் ரத்தக் கல்ச்சர் தேவைப்படலாம்.

ஒன்று முதல் நான்கு வாரம் கழித்து முழங்கால், கணுக்கால் வீங்கி வலிப்பதும், கண் சிவப்பதும், சிறுநீர் கழிக்கும்போது எரிவதும் சிலருக்கு வரும். அதன் பெயர் ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ். மூட்டில் கிருமி இல்லை. குடல் தொற்றுக்கு எதிராகக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தியின் பின்விளைவு அது. மூட்டு மருத்துவரிடம் போகும் பலர் பழைய வயிற்றுப்போக்கைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்த ரிப்போர்ட்டையும் 1ஆம் படியில் எழுதிய நோட்டையும் கூடவே எடுத்துப் போங்கள்.